செந்தூராவின் சிவப்பு பிடிபட்ட விதம்

படம் முடிந்து வார்னிஷும் காய்ந்துவிட்டது. 16-க்கு 20 அங்குல கேன்வாஸ், அக்ரிலிக் நிறங்கள். மூங்கில் கூடையில் வைக்கோல், அதன்மேல் ஐந்து செந்தூரா மாம்பழங்கள், பின்னால் சாம்பல் கலந்த பச்சை. பார்ப்பவர் கண்ணில் நிற்பவை சூடான சிவப்பும் பொன்மஞ்சளும்தான். மஞ்சளும் குங்குமமும் சேர்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், தானாகப் பொருந்திவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். வாசலிலும் கோவிலிலும் அது உண்மைதான். ஒரு பழத்தோலில் மஞ்சள் மெல்ல மெல்லச் சிவப்பாக மாறும் அந்த இரண்டு விரல் அகல இடத்தில் மட்டும் அது நடக்கவில்லை. அந்த இடம் சரியாக வந்த வழியை, கை வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஏன் செந்தூரா என்றால், கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இங்கே அதிகம் விளையும் பெங்களூரா, கிளிமூக்கு என்று சொல்வோமே, பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகும் ரகம். அதில் பச்சையும் மஞ்சளும்தான் முக்கியம், சிவப்பு வந்தாலும் ஒரு பூச்சு மாதிரி லேசாக வரும். அல்போன்சா பழுத்தால் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே பொன்னிறம். செந்தூராவில்தான் காம்புப் பக்கத்துத் தோள் செக்கச்செவேல் என்றும், அடிப்பக்கம் நல்ல மஞ்சளாகவும் இருக்கும். இரண்டு நிறமும் ஒரே உருண்டையில் சந்திக்கின்றன. சீசனில் முதலில் வருவதும் அதுதான் என்பதால் ஏப்ரல் கடைசியிலேயே சந்தூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு கிலோ எடுத்துவந்தேன்.

நிறம் வாங்கப் போனதிலிருந்து சொல்கிறேன். கிருஷ்ணகிரி ஸ்டேஷனரி கடைகளில் மாணவர் தரத்து அக்ரிலிக் கிடைக்கும். அதில் பொன்மஞ்சளும் செந்தூரச் சிவப்பும் உண்டு, நான் வாங்கியபோது 40 மில்லி குழாய் 150 ரூபாய் அளவில் இருந்தது. அவை இரண்டையும் வாங்கினேன். கூடவே பெர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒன்று. வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பு என்னிடம் ஏற்கெனவே இருந்தன. குழாயின் முன்பக்கம் எழுதியிருக்கும் பெயரை நம்பி நிறம் வாங்கக் கூடாது. ‘வெர்மிலியன்’ என்று போட்டிருக்கும், உள்ளே அசல் பாதரசச் செந்தூரம் இருக்காது, அதே சாயலில் வேறொரு கரிம நிறமி இருக்கும். அதில் தப்பில்லை, விஷம் குறைவு என்பதால் நல்லதும்கூட. ஆனால் அந்த நிறமி எப்படி நடந்துகொள்ளும் என்பது பின்பக்கத்தில் உள்ள குறியீட்டில்தான் தெரியும். பிஆர் என்றால் சிவப்பு நிறமி, பிஒய் என்றால் மஞ்சள், பிவி என்றால் ஊதா வகை. பிஆர் 108 காட்மியம் சிவப்பு, பிஒய் 35 காட்மியம் மஞ்சள். பிஆர் 83 என்று இருந்தால் அது அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளிறிப்போகும், சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

அதே பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பார்கள். கட்டம் முழுக்க கறுப்பாக இருந்தால் அந்த நிறம் அடியில் இருப்பதை மறைத்துவிடும். பாதி கறுப்பு என்றால் அரைகுறையாக மறைக்கும். கட்டம் காலியாக இருந்தால் கண்ணாடி மாதிரி அடிநிறத்தைக் காட்டும். இந்தக் கட்டத்தை நான் முதலில் பார்க்கவே இல்லை. கடைசியில் படத்தைத் தீர்மானித்தது அதுதான்.

அப்புறம் அளவுச் சோதனை. மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் 2 மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்கி, நிறத்தைக் கொஞ்சம் மீடியம், அதாவது நிறமி சேர்க்காத அக்ரிலிக் பசை, கலந்து இளக்கி, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு ஏற்றினேன். கண்ணளவில் கலந்தால் அடுத்த நாள் அதே நிறம் திரும்ப வராது. சிரிஞ்சில் கோடு இருப்பதால் வரும். வெள்ளை அட்டையில் ஒரு அங்குலக் கட்டங்கள் போட்டு வரிசையாகப் பூசினேன். 20 பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு சிவப்பு சேர்த்தாலே மஞ்சள் தன் எலுமிச்சைத்தனத்தை விட்டுவிடுகிறது. 10-க்கு ஒன்று என்றால் பழுத்த அல்போன்சா சதையின் நிறம். 4-க்கு ஒன்று நல்ல காவி ஆரஞ்சு. சரிக்குச் சரி கலந்தால் ஆரஞ்சு வரும் என்று எதிர்பார்த்தால் வராது, கிட்டத்தட்ட சிவப்பே வந்து நிற்கும். சிவப்பு நிறமியின் சாயமேற்றும் வலு அவ்வளவு அதிகம். அதனால் எப்போதும் மஞ்சளைத் தட்டில் முதலில் வைத்து, பிரஷ் முனையில் சிவப்பைத் தொட்டுச் சேர்க்க வேண்டும். சிவப்பில் மஞ்சளைக் கொட்டிக்கொண்டே போனால் குழாய் காலியாகும், ஆரஞ்சு வராது.

இந்த அட்டையை வெயிலில் காயவைத்தபின் பார்த்தால் எல்லாக் கட்டமும் ஒரு படி கருத்திருந்தது. அக்ரிலிக் பசை ஈரமாக இருக்கும்போது பால் மாதிரி வெளுப்பு, காய்ந்தால் தெளிவாகிவிடும். ஆகவே ஈரத்தில் பழத்தோடு ஒத்துப்போகும் நிறம் காய்ந்ததும் ஒத்துப்போகாது. நான் பழத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தது எப்போதும் காய்ந்த அட்டையைத்தான். சிவப்பில் இந்த மாற்றம் அதிகமாகத் தெரிந்தது.

முதல் முயற்சி 10-க்கு 12 அங்குல கேன்வாஸ் போர்டில். அடிப்பகுதிக்குப் பொன்மஞ்சள், தோளுக்குச் சிவப்பு, நடுவில் 4-க்கு ஒன்று ஆரஞ்சு, ஓரங்களை ஈரமாக இருக்கும்போதே இழுத்துக் கலந்தேன். உருண்டை நன்றாகவே வந்தது. ஆனால் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பழம் மாதிரி இருந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று பட்டைகள் தெரிந்தன. ஆரஞ்சை இன்னும் நாலு படியாகப் பிரித்துப் பூசினேன். பட்டை மறைந்தது, உயிர் வரவில்லை. சிவப்பை வெளிச்சப்படுத்த வெள்ளை சேர்த்தபோது அது இளஞ்சிவப்பாகிக் குளிர்ந்துபோனது. சிவப்புக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் அதே பொன்மஞ்சளைச் சேர்க்க வேண்டும், வெள்ளையைத் தொடக் கூடாது என்பதை அந்தப் போர்டு காட்டிவிட்டது. மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பு சேர்த்தேன், மஞ்சள் பாசிப்பச்சையாகிவிட்டது. காயில் அது பொருந்தியிருக்கும், பழத்தில் அழுகல் மாதிரி தெரிந்தது.

போர்டை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்கே போனேன், பழத்தை மரத்தில் பார்க்க. தோட்டக்காரப் பெரியவர் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, ஒரு காய்மேல் ஒட்டிக்கிடந்த இலையை விலக்கினார். “வெயில் பட்ட பக்கம் மட்டும்தான் தம்பி செவக்கும். எல மறைச்சிருந்தா அந்த எடம் அப்படியே நின்னுடும், இங்க பாருங்க” என்றார். இலை கிடந்த இடத்தில் அதன் ஓரம் வரைக்கும் சிவப்பு வந்து நின்றிருந்தது. அடியில் காயின் வெளிர்பச்சை. பழுத்தால் அந்த இடம் மஞ்சளாகும்.

வீட்டுக்கு வந்து ஒரு பழத்தைச் சீவும்போது இன்னும் தெளிவாகப் புரிந்தது. சிவப்புத் தோளைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் சிவப்பு மேல்தோலோடு போய்விடுகிறது, அடியில் மஞ்சள் இருக்கிறது. சிவப்பு ஆந்தோசயனின், வெயில் பட்டுத் தோலின் மேல் அடுக்கில் உண்டாவது. மஞ்சள் கரோட்டினாய்டு, பழுக்கும்போது பச்சையம் குறையக் குறைய வெளித்தெரிவது. அதாவது பழத்தில் மஞ்சளும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் கலக்கவில்லை. மஞ்சள் பழம் முழுக்க இருக்கிறது, அதன்மேல் சிவப்பு ஒரு மெல்லிய திரையாகப் படிந்திருக்கிறது. திரை அடர்ந்த இடம் சிவப்பு, மெலிந்த இடம் ஆரஞ்சு. நான் தட்டில் கலந்துகொண்டிருந்த ஆரஞ்சு, பழத்தில் தனி நிறமாக இல்லவே இல்லை.

அப்படியென்றால் படத்திலும் அதே வரிசையில் போட வேண்டும். முழுப் பழத்தையும் பொன்மஞ்சளில் முடித்துக் காயவைத்து, அதன்மேல் கண்ணாடித்தன்மையுள்ள சிவப்பை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவது. இதற்குத்தான் அந்தக் காலிக் கட்டம் போட்ட சிவப்பு வேண்டும். என்னிடம் இருந்த செந்தூரச் சிவப்பு பாதிக் கட்டம். அட்டையில் கறுப்பு மார்க்கரால் கோடு கிழித்து, காய்ந்தபின் அதன்மேல் சிவப்பைத் தேய்த்துப் பார்த்தால் கோடு மங்கித் தெரிந்தது. ஆர்ட்டிஸ்ட் தரத்துக் குவினாக்ரிடோன் சிவப்பு, பிவி 19, பெங்களூரிலிருந்து வாங்கிவந்தேன். குறியீடு ஊதா வகை என்றாலும் குழாயில் இருப்பது சிவப்புதான். குழாய் 310 ரூபாய். கோட்டின்மேல் தேய்த்தால் கோடு பளிச்சென்று தெரிகிறது. வெளிச்சத்தையும் நன்றாகத் தாங்கும் நிறமி. தனியாகப் பார்த்தால் அது கொஞ்சம் ரோஜாப் பக்கம் சாயும், நமக்கு வேண்டிய சூடு அதில் இல்லை. பொன்மஞ்சள் மேல் படிந்ததும் அடிநிறம் ஊடுருவி வந்து செந்தூரமாகிவிடுகிறது. சூட்டை அந்த மஞ்சள் கொடுக்கிறது. இதை அட்டையில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி படம் முடிந்தபோதுகூட இல்லை.

இரண்டாவது கேன்வாஸின் தளத்துக்குச் செம்மண் எடுத்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மண்ணுக்கா பஞ்சம்? கல் பொறுக்கி, வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே உள்ள கலங்கல் நீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் வடித்தேன். இரவு முழுக்கத் தெளியவிட்டு, நீரை இறுத்து, வண்டலை வெயிலில் காயவைத்து, கல்வத்தில் அரைத்து வேட்டித் துணியில் சலித்தேன். இரண்டு கைப்பிடி மண்ணுக்கு மூன்று ஸ்பூன் நிறமிப் பொடி தேறியது. ஒரு பங்கு பொடி, இரண்டு பங்கு அக்ரிலிக் மீடியம். வெளிர்க் காவி நிறத்தில் ஒரு பூச்சு. இரும்பு ஆக்சைடு நிறம் என்பதால் வெளுக்காது, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் சொந்தக்காரன். மஞ்சள் காவியை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால் உள்ளே இருக்கும் நீர்ச்சத்து போய்ச் சிவப்புக் காவியாகிவிடும். பெர்ன்ட் சியன்னா என்பதும் சுட்டெடுத்த சியன்னா மண்தான். இந்த இரண்டு நிறமும் மண்ணிலேயே உறவு என்று நினைத்துக்கொண்டுதான் தளம் பூசினேன்.

ஆனால் தளம் முழுக்கச் செம்மண் பூசியது பழங்களுக்கு ஒத்துவரவில்லை. பொன்மஞ்சள் அவ்வளவாக மறைக்கும் நிறம் இல்லை. காவித் தளத்தின்மேல் மூன்று பூச்சு போட்டும் மஞ்சள் மந்தமாகவே நின்றது. ஆகவே பழங்களின் உருவத்துக்குள் மட்டும் கேன்வாஸுக்கு அடிப்பூச்சாகப் போடும் ஜெஸ்ஸோ வெள்ளையை இரண்டு பூச்சு கொடுத்து, 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினேன். வெள்ளைமேல் பொன்மஞ்சள் இரண்டே பூச்சில் ஒளி எடுத்தது. கூடை, வைக்கோல், பின்னணி எல்லாம் காவித் தளத்திலேயே இருந்தன. வைக்கோலில் அங்கங்கே தளத்தைப் பூசாமல் அப்படியே விட்டேன், படம் முழுவதையும் அது ஒன்றாகப் பிடித்து வைக்கிறது.

மே மாத வெயிலில் அக்ரிலிக்கோடு மல்லுக்கட்டுவது தனி வேலை. மின்விசிறிக்கு அடியில் தட்டில் வைத்த நிறம் பிரஷ் கழுவி வருவதற்குள் தோல் கட்டிவிடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் ஈரத் துணியை நாலாக மடித்துப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, நிறங்களை அதில் வைத்தேன். மூடி வைத்தால் மறுநாளும் கலவை ஈரமாக இருந்தது. மஞ்சள் கலவை வீணாவது இதனாலேயே பாதியாகக் குறைந்தது.

மஞ்சள் கட்டத்திலேயே நிழலையும் முடித்துவிட வேண்டும். வெளிச்சப் பக்கம் பொன்மஞ்சளில் துளி வெள்ளை. நடுவில் வெறும் பொன்மஞ்சள். நிழல் பக்கம் ரா சியன்னா. அடி நிழலில் அதோடு பெர்ன்ட் சியன்னாவும், அல்ட்ராமரைனும் பிவி 19-உம் கலந்த ஊதா ஒரு துளியும். மஞ்சளை அடக்க ஊதா, கறுப்பு வேண்டாம். இந்த நிலையில் ஐந்தும் முழு மஞ்சள் பழங்கள், ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. ஒரு இரவு காயவிட்டேன்.

சிவப்புப் பூச்சில் முதலில் தண்ணீரை நம்பினேன், அது திட்டுத்திட்டாக வழிந்து ஓரத்தில் கோடு கட்டியது. தண்ணீர் அதிகமானால் பசை நீர்த்து, மேலே தேய்க்கும்போது அடிப்பூச்சோடு பெயர்ந்தும் வருகிறது. பளபளப்பு மீடியம் எட்டுப் பங்கு, பிவி 19 ஒரு பங்கு, தண்ணீர் சில சொட்டு மட்டும் என்ற அளவு சரியாக வந்தது. ஒரு அங்குல மிருதுவான சிந்தெடிக் பிரஷ், 180 ரூபாய். இன்னொரு காய்ந்த பிரஷ் கையில் தயாராக இருக்க வேண்டும். தோளில் பூச்சை வைத்ததும், மஞ்சளை நோக்கிக் காய்ந்த பிரஷ்ஷால் மெல்லத் தட்டித் தட்டி மெலியவைக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் கோடு தெரியும். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடச் சற்று உள்ளே தொடங்க வேண்டும். முதல் பூச்சு பழத்தின் பாதிவரை வந்தால் அடுத்தது மூன்றில் ஒரு பங்குவரை, அதற்கடுத்தது காம்பைச் சுற்றி மட்டும். மூன்றாவது பூச்சுக்கு அப்புறம் நான் தட்டில் கலக்காத ஆரஞ்சு அந்த இரண்டு விரல் இடத்தில் தானாக வந்து நின்றது.

தோலில் உள்ள வெளிர்ப் புள்ளிகளை மேலே வைத்தால் அம்மைத் தழும்பு மாதிரி துருத்தும். இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே பல்குத்தும் குச்சியின் முனையால் அங்கங்கே தொட்டுச் சிவப்பை எடுத்துவிட்டேன். அடியில் உள்ள மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. மூன்றாவது பூச்சு அதன்மேல் போனதும் சில புள்ளிகள் மங்கி, சில தெரிந்து, தோலுக்குள்ளேயே இருப்பதுபோல அமைந்தது. இலை மறைத்த அடையாளம் உள்ள ஒரு பழத்தையும் வேண்டுமென்றே சேர்த்தேன். அந்த இடத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பை இலை வடிவில் வெட்டி ஒட்டி மறைத்துவிட்டுப் பூசினேன். டேப் ஓரம் கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. காய்ந்தபின் கடைசிப் பூச்சை டேப் இல்லாமல் ஓரத்தின்மேல் ஓட்டிச் சரிசெய்தேன்.

பாதிக் கட்டச் செந்தூரச் சிவப்பு வீணாகவில்லை. காம்புக்குப் பக்கத்தில் சிவப்பு மிக அடர்த்தியான இரண்டு இடத்தில் அதைச் சின்னதாக வைத்தேன். எல்லா இடமும் கண்ணாடியாக இருந்தால் பழத்துக்குக் கனம் இல்லை. சிவப்பின் நிழலுக்குப் பிவி 19-இல் பெர்ன்ட் சியன்னாவும், துளி இலைப்பச்சையும்.

பழத்தின் நிறத்தைப் போனில் படமெடுத்து அதைப் பார்த்து வரையலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். அடர்ந்த சிவப்பில் போன் கேமரா எல்லாவற்றையும் ஒரே தட்டையான சிவப்பாகக் காட்டிவிடுகிறது. தோளில் உள்ள ஏற்ற இறக்கம் எல்லாம் போய்விடும். பழமோ அறைக்குள் இருக்க இருக்கப் பழுத்து நிறம் மாறுகிறது, பச்சைச் சாயல் போய் மஞ்சள் ஆழமாகிறது. முதல் நாளே அட்டையில் ஒவ்வொரு பழத்துக்கும் மஞ்சள், இடைநிறம், சிவப்பு என்று மூன்று கட்டம் பூசி, எண் போட்டு வைத்ததால் தப்பித்தேன். போன் படம் உருவத்துக்கு மட்டும்.

பின்னணிக்கு முதலில் ஆழ்ந்த நீலப்பச்சை போட்டேன். பழங்கள் வெட்டி ஒட்டினதுபோல முன்னால் வந்து நின்றன. அதை மாற்றி, அல்ட்ராமரைனோடு அதே பொன்மஞ்சளைக் கலந்தேன். அல்ட்ராமரைன் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம், பொன்மஞ்சளும் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. அதனால் வரும் பச்சை மந்தமாகவே வரும், முற்றிய மாவிலையின் பச்சை. வெள்ளையும் துளி பெர்ன்ட் சியன்னாவும் சேர்த்துச் சாம்பலாக்கினேன். பழத்தில் உள்ள மஞ்சளே பின்னணியிலும் ஒளிந்திருப்பதால் சண்டை இல்லை. அந்தச் சாம்பல் பச்சைக்கு முன்னால் சிவப்பு கூடுதல் பூச்சு இல்லாமலேயே ஒரு படி எழுந்தது.

பரப்பளவையும் கவனித்தேன். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கன்னடக் கொடி எங்கும் பறக்கும், மேலே மஞ்சள், கீழே சிவப்பு, சரிபாதி. தூரத்திலிருந்தே கண்ணைப் பிடிக்கும், கொடிக்கு அதுதான் வேண்டும். நிதானமாக உட்கார்ந்து பார்க்கும் படத்தில் சரிபாதி வைத்தால் கண் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேன்வாஸ்மேல் ஒரு அங்குலக் கட்டம் போட்ட ஓஎச்பி ஷீட்டை, அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை, வைத்து எண்ணிப் பார்த்தேன். வைக்கோலையும் சேர்த்து மஞ்சள் வகை, சிவப்பைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேலே இருந்தபோதுதான் கண் அமைதியானது. அதற்காக ஒரு பழத்தைத் திருப்பி, அதன் மஞ்சள் அடிப்பக்கம் முன்னால் தெரியும்படி மறுபடி வரைந்தேன். இந்த மூன்று மடங்கு என் படத்துக்குச் சரிப்பட்ட கணக்கு.

பழத்தின் மேலுள்ள மினுக்கத்துக்கு வெறும் வெள்ளை வைத்தால் சோப்பு நுரை. மாம்பழத்தோலில் மெழுகுப் பூச்சு உண்டு, அது ஜன்னல் வானத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது. வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலம் சேர்த்து, மீடியத்தில் இளக்கி, மெல்லிய ஒற்றைப் பூச்சு. சுற்றிலும் சூடான நிறங்கள் என்பதால் அந்தக் குளிர்ந்த துளி நன்றாகவே வேலை செய்கிறது.

முடிந்தது என்று நினைத்த மாலையில் கரண்ட் போனது. மங்கல் வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தால் சிவப்புத் தோள்கள் எல்லாம் கறுத்துப்போய், மஞ்சள் மட்டும் தெரிந்தது. மங்கிய ஒளியில் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் அறிஞர் புர்கின்யே கவனித்துச் சொன்ன விஷயம் இது. அது தெரிந்திருந்ததால் அவசரப்பட்டு சிவப்பை வெளுக்கப் போகவில்லை. ஆனால் ஒரு பலன் கிடைத்தது. நிறம் பறிபோன அந்த வெளிச்சத்தில் வெளிச்சம்-நிழல் அமைப்பு மட்டும் தெரிந்ததில், இரண்டு சிவப்புத் தோள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இருட்டுத் திட்டாக நிற்பதைப் பார்த்தேன். மறுநாள் காலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் அவற்றுக்கு நடுவே ஒரு வைக்கோல் கொத்தை நுழைத்தேன். நிறத்தை முடிவு செய்வது எப்போதும் காலை வெளிச்சத்தில்தான். மஞ்சள் எல்இடி பல்புக்குக் கீழே இந்த இரண்டு நிறமும் ஒன்றோடொன்று நெருங்கிவிடுகின்றன.

வார்னிஷுக்கு முன் ஒரு வாரம் போல விட்டேன். போர்டின் ஒரு மூலையில் மேட், ஒரு மூலையில் பளபளப்பு என்று இரண்டும் அடித்துப் பார்த்தேன். மேட் அடித்த இடத்தில் சிவப்பு மேல்பகுதியில் தூசி படிந்தமாதிரி வெளுத்தது, அடியிலிருக்கும் மஞ்சள் வரவில்லை. பளபளப்பில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. படத்துக்குப் பளபளப்பே அடித்தேன், இரண்டு மெல்லிய பூச்சு, ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணாடி மாதிரி மின்னும் என்பது இதில் உள்ள தொந்தரவு, பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

செலவு: கேன்வாஸ் 380, போர்டு 90, மூன்று மாணவர் தரக் குழாய்கள் 440, பிவி 19 குழாய் 310, மீடியம் 260, ஜெஸ்ஸோ 240, வார்னிஷ் 280, பிரஷ் 180, சிரிஞ்ச் 20. ஆக 2,200 ரூபாய். இதுபோக, பொன்மஞ்சள் இன்னொரு குழாய் 150. பிவி 19 குழாயில் கால்வாசிகூடத் தீரவில்லை, மீடியம்தான் ஓடிவிட்டது. மூன்று குழாய்க்குப் பதில் பொன்மஞ்சள் ஒன்றை மட்டும் நல்ல தரத்தில் வாங்கியிருந்தால் பூச்சு எண்ணிக்கை குறைந்திருக்கும். மலிவு மஞ்சளில் நிறமி குறைவு, மேலும் மேலும் பூச வேண்டியிருக்கிறது. செலவழிக்கப் போகும் பணத்தை மஞ்சளில் போட வேண்டும், சிவப்பு கொஞ்சம் போதும்.

அடுத்த தடவை செம்மண் தளம் பூசும் முன்பே பழ உருவங்களை டேப் ஒட்டி மறைத்து வெள்ளையாக வைத்துக்கொள்வேன். இலை அடையாளத்துக்கு டேப்புக்குப் பதில் நிஜ மாவிலையையே லேசாக ஒட்டிப் பார்க்க வேண்டும், ஓரம் மிருதுவாக வரும் என்று நினைக்கிறேன். காம்புப் பக்கத்தில் இடதுபுறப் பழம் இன்னும் ஒரு பூச்சு கனம்தான், நாலாவது பூச்சைத் தவிர்த்திருக்கலாம். மெல்லிய அட்டைத் துண்டுகளில் பிவி 19-ஐயும் செந்தூரச் சிவப்பையும் பொன்மஞ்சள் மேல் ஒன்று, இரண்டு, மூன்று பூச்சு என்று பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடித் தெற்கு ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த சீசனில் செந்தூரா வரும்போது அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எந்தச் சிவப்பை மறுபடி வாங்குவது என்று முடிவு செய்வேன்.